வகையறாவுக்கு ஓட்டு இல்லை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். முப்பது வருஷம் பத்திர ஆபீஸில் உட்கார்ந்து அடுத்தவர் சொத்துக்கு அடுத்தவர் கையெழுத்தைச் சரிபார்த்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துக் கூடுவாஞ்சேரிக்கும் அதற்கு அப்பாலும் போய்வந்த காலத்திலும் வந்தது, ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும்போதும் வருகிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இரண்டாவது முறை தேர்தலில் நின்றபோது நான் செய்த பெரிய தப்புக்கு என் கோபம் காரணம் இல்லை.

எங்கள் காலனி ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். நெல் விளைந்த நிலத்தை ஊர்க்காரக் குடும்பம் ஒன்று மனை போட்டு விற்றது. வாத்தியார்களும் ரயில்வேக்காரர்களும் என்னைப் போன்ற ஆபீஸ்காரர்களும் லோன் போட்டு வாங்கினோம். விற்ற குடும்பமும் தங்களுக்கென்று சில மனைகளை நிறுத்திக்கொண்டு இங்கேயே இருக்கிறது. மனைக்கு ஒரு உறுப்பினர், உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. காலனிச் சங்கத்துக்குப் பொதுக் கிணறு இருக்கிறது, ஒரு ஹால் இருக்கிறது. கோடையில் அந்தக் கிணற்றுத் தண்ணீர் யார் வீட்டுக்கு எந்த முறையில் போகும் என்பதும் உறுப்பினர் பேரை வைத்துத்தான்.

இதில் மனைக்காரர் இறந்துபோனால் என்ன செய்வது? சொத்துக்குக் கோர்ட் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் இருக்கிறது. ஆனால் சங்கத்துப் பதிவேட்டில் அடுத்து யார் பேரை எழுதுவது என்பதைச் சொல்ல எங்களுக்கு ஒரு பதவி உண்டு. பெயர் மாற்றப் பொறுப்பாளர். தலைவர், செயலாளர் எல்லாம் கை தூக்கித் தேர்ந்தெடுக்கப்படுவார்கள். இந்த ஒரு பதவிக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சீட்டுப் போட்டு ரகசிய வாக்கெடுப்பு. அண்ணன் தம்பி சண்டையில் தீர்ப்புச் சொல்கிறவரைக் கை தூக்கித் தேர்ந்தெடுத்தால் மறுநாள் தெருவில் நடமாட முடியாது அல்லவா? காலனியில் யாரும் அந்தப் பதவியை அதன் பேரால் சொல்வதில்லை. வாரிசு கோர்ட் என்பார்கள். அதில் இருப்பவர் ஜட்ஜ்.

எனக்கு முன்னால் நான்கு வருஷம் ஜட்ஜாக இருந்தவர் மணல் கடை அண்ணன். நிலத்தை விற்ற குடும்பத்தின் மூத்த மகன். மெயின் ரோட்டில் மணல், ஜல்லி, சிமெண்ட் வியாபாரம். நல்ல மனிதர், வாய் நிறையச் சிரிப்பு, யாரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது. அதுதான் பிரச்சினை. எந்த வீட்டில் யார் செத்தாலும், எத்தனை பேர் உரிமை கேட்டு வந்தாலும், பதிவேட்டில் செத்தவர் பேரை எழுதிப் பக்கத்தில் "வகையறா" என்று ஒரு வார்த்தை போட்டுவிடுவார். பட்டாவில் அப்படித்தானே இருக்கிறது என்பார். எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை என்பது அவருடைய கட்சி.

மனக்கஷ்டம் தேர்தல் அன்று தெரிந்தது. அந்த வருஷம் தேர்தல் நடத்த ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்திருந்தார். முழுக்க இங்கிலீஷ் மீடியம். பட்டியலை அழகாக டைப் அடித்து, எல்லாப் பேருக்கும் முன்னால் மரியாதையாகத் "திரு." சேர்த்து, ஹாலில் மைக்கில் மனை மனையாகக் கூப்பிட்டார். "திரு. வகையறா வந்திருக்காரா?" ஒரே மனைக்கு ஐந்து பேர் எழுந்தார்கள். அடுத்த மனைக்கு நாலு பேர். பத்து நிமிஷத்தில் ஹாலில் நாற்காலி பறந்தது. சட்டை கிழிந்தவர்களில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திர ஆபீஸில் இப்படி ஒரு பதிவேட்டைக் காட்டினால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வந்தும் நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். அவர்தான், "அடுத்த வாட்டி நீயே நில்லேன்" என்றார்.

நின்றேன். மனை அவர் பேரில்தான் இருந்தது. உறுப்பினரின் மனைவியோ கணவனோ நிற்கலாம் என்று விதி இருந்ததால் தடையில்லை. ஓட்டுத்தான் எனக்கு இல்லை, மனைக்கு ஒன்று என்பதால் அவரிடம் இருந்தது. "வகையறாவுக்கு ஓட்டு இல்லை" என்று நோட்டீஸ் அடித்து வீடு வீடாகக் கொடுத்தேன். நாலு ஓட்டில் ஜெயித்தேன். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவரிடம், எனக்குத்தானே போட்டீர்கள் என்று கேட்டேன். ரகசிய வாக்கெடுப்பில் இப்படிக் கேட்பது விதிமீறல் என்றார். கணக்கு வாத்தியார், முகத்தில் ஒன்றும் தெரியாது. மறுநாளும் கேட்டேன். மணல் கடைக்காரர் நல்ல மனுஷன் பாவம் என்றார். யாருக்குப் போட்டார் என்று அந்த வாத்தியார் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லை.

நான் பொறுப்பேற்று முதல் வேலையாகப் பதிவேட்டை மாற்றினேன். பழையதில் செத்தவர் பேரைச் சிவப்பு மையால் அடித்துக் "காலமானார்" என்று எழுதியிருக்கும், இல்லையென்றால் வகையறா. நான் புதுப் பதிவேடு வாங்கி இரண்டு கட்டம் போட்டேன். உறுப்பினர் பேருக்கு ஒன்று. அவருக்கு அது யார் மூலம் வந்தது என்பதற்கு ஒன்று, அதன் தலைப்பு "வழி". பத்திரத்தில் சொத்து எப்படி வந்தது என்று எழுதுவோமே, அந்த மாதிரி. விதிகளையும் எழுதி எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கினேன். எல்லா வாரிசும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். சண்டை என்றால் அந்த வீட்டில் குடியிருக்கும் வாரிசு பேரில் எழுதப்படும். எழுபது வயது தாண்டியவர்களை அலைக்கழிக்கக் கூடாது, பொறுப்பாளர் வீட்டுக்கே போய்க் கேட்க வேண்டும். பொறுப்பாளர் வீட்டு விவகாரமே வந்தால், அவருக்கு முந்தைய பொறுப்பாளர் விசாரிப்பார்.

பாதிப் பேர் ஒன்றை மறந்துவிட்டு வருவார்கள். பெண்டாட்டி, பிள்ளைகள் கையெழுத்தோடு வந்து நிற்பார்கள். "அவரைப் பெத்த அம்மா உயிரோட இருக்காங்களா? அப்போ அந்தம்மா கையெழுத்து எங்கே?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். சட்டத்தில் தாயும் வாரிசுதான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

ஒரே வருஷத்தில் பதிவேட்டில் ஒரு வகையறா பாக்கியில்லை. கடைசியாக வந்தது மணல் கடை அண்ணனின் அப்பா விவகாரம். அப்பா வீட்டிலேயே இருந்து அவரைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள் தங்கை, வீட்டு முன்னால் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அண்ணன் வழக்கம்போல வகையறா என்று எழுதச் சொன்னார். தங்கை மறுத்தாள். நான் விதிப்படி மாவு கடை அக்கா பேரை எழுதினேன். அண்ணன் ஹாலில் எல்லார் முன்னாலும், வேற வூட்டுக்குக் கட்டிக் கொடுத்த பொண்ணுக்கு எழுதி என்னை பேஜார் பண்ணிட்டீங்க மேடம் என்று கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் மறுபக்கம் திரும்பிக்கொள்வார்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் போய்விட்டார். காலையில் வாக்கிங் போனவர், திரும்பி வந்து தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். மகள் கேளம்பாக்கத்தில் வேலையில் இருக்கிறாள். அவளே ஆன்லைனில் போட்டு இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துவிட்டுப் போனாள். வாரிசுகள் மூன்று பேர். நான், மகள், எங்களோடு இருக்கும் என் மாமியார். சங்கத்துப் பதிவேடு என் கையில், பேனா என் கையில். ஊரில் உள்ள பேரையெல்லாம் மாற்றிய நான் என் வீட்டுப் பேரை மாற்றவில்லை. மறந்துபோகவில்லை. அந்தப் பக்கத்தைத் திறப்பேன், அவர் பேரைப் பார்ப்பேன், மூடிவிடுவேன். அடுத்த வாரம் என்று சொல்லிக்கொள்வேன். இப்படி ஒரு வருஷம் ஓடியது.

தேர்தல் வந்தது. நானும் மறுபடி நிற்கிறேன், மணல் கடை அண்ணனும் மறுபடி நிற்கிறார். பழைய ஜட்ஜுக்கும் இப்போதைய ஜட்ஜுக்கும் போட்டி என்று காலனியே சூடாகிவிட்டது. எனக்கு ஜெயிக்க வேண்டும் என்று வெறியே இருந்தது. அவர் வந்தால் மறுபடி வகையறா வரும், மறுபடி நாற்காலி பறக்கும். அது ஒரு காரணம். இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். என் வீட்டுக்காரர் போன பிறகு காலையில் எழுந்து ஒழுங்காகப் புடவை கட்டிக்கொண்டு போக எனக்கு இருந்த ஒரே இடம் அந்தச் சங்க அறைதான்.

இந்தத் தடவை தேர்தல் அதிகாரி கார்டு சார். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். என் வீட்டுக்காரரோடு தினம் வாக்கிங் போனவர். பம்ப் ரூம் சுவரில் வாக்காளர் பட்டியலை ஒட்டிவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"உங்க மனை இன்னும் சார் பேர்லயே இருக்கும்மா. இறந்தவர் பேர்ல ஓட்டு இல்ல. நீங்க உறுப்பினரும் இல்ல, உறுப்பினர் மனைவியும் இல்ல. மனுவை நான் எப்படி வாங்குறது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இரண்டு வருஷமாக ஊருக்கு நான் சொன்ன அதே வாசகம். விதி எழுதியதும் நான்தான். வெள்ளிக்கிழமைக்குள் பேர் மாறினால் மனுவை வாங்குகிறேன், இல்லையென்றால் அண்ணன் போட்டியில்லாமல் வந்துவிடுவார் என்றார். சிக்னல் விழாமல் வண்டியை எடுக்க முடியாதும்மா என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. மகளுக்குப் போன் போட்டேன். மறுநாள் காலை ஸ்கூட்டரில் வந்து சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, ஏம்மா ஒரு வருஷம் சும்மா இருந்தே என்று திட்டிவிட்டு ஆபீஸுக்குப் போனாள். பாக்கி மாமியார் மட்டும்தான். கையெழுத்து வாங்குவதற்கு என்ன, ஒரு நிமிஷ வேலை என்று நினைத்தேன்.

அத்தைக்கு எண்பத்து மூன்று வயது. எழுத்துக் கூட்டிப் பேப்பர் படிப்பார், நிதானமாகக் கையெழுத்துப் போடுவார். கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"அவன் பேரை அடிக்கிறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாமனார் இறந்தபோது பழைய ரேஷன் கார்டில் அவர் பேர் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக் கொடுத்தார்களாம். அந்தக் கார்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் முதலில் அந்தக் கோடுதான் கண்ணில் படுமாம். மகன் பேருக்கும் அது வேண்டாம் என்றார். வேண்டுமென்றால் வகையறா என்று எழுதிக்கொள், அவன் பேர் அப்படியே இருக்கட்டும் என்றார். என்னிடம், என் வீட்டில், வகையறா! நான் நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். கத்தினேன். உங்களால்தான் நான் தோற்கப்போகிறேன் என்றேன். எனக்கு மட்டும் அவர் பேரை எடுக்க ஆசையா என்றேன். அத்தை எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அதையும் துடைக்கவில்லை. என்னால் ஒரு வருஷமாக முடியாததைத்தான் அத்தையும் முடியாது என்கிறார் என்று எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

குடியிருக்கும் வாரிசு பேரில் எழுதலாமென்றால் அத்தையும் இதே வீட்டில்தான் குடியிருக்கிறார். விதிப்படி விசாரிக்க வேண்டியவர் முந்தைய பொறுப்பாளர், அதாவது என்னை எதிர்த்து நிற்கிறவர். வெட்கத்தை விட்டு அவர் கடைக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்தேன். ஜல்லி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. வாங்கிப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு லோடு பக்கம் போய்விட்டார். சரி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வரை அவர் வராமல் இருந்தாலே போதும், அவர் ஜெயித்த மாதிரி.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் சங்கத்துப் பதிவேடு. என்னைப் பார்த்து, நீங்க மனுதாரர், வாயைத் தொறக்கக் கூடாது, தெரியும்ல மேடம் என்றார். அதுவும் நான் எழுதிய விதிதான். அத்தைக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சம்மதமா என்று முறையாகக் கேட்டார். அத்தை இல்லை என்றார். ஏன் என்று கேட்டார். சிவப்புக் கோட்டைப் பற்றி அத்தை மறுபடி சொன்னார். நான் சுவரோரம் நின்று புடவைத் தலைப்பைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் பதிவேட்டைத் திறந்து, ஏதோ ஒரு பக்கத்தை எடுத்து, அத்தை மடியில் வைத்தார்.

"இந்தாம்மா, படிங்க. இது எங்க நைனா பேரு. அடிச்சா கீது? அடிக்கல. பக்கத்துக் கட்டத்துல எயுதிகீது பாருங்க. வழின்னு போட்டு. அவரு வழியாத்தான் எங்க தங்கச்சிக்கு வந்துச்சுன்னு. எத்தினி பேரு மாறினாலும் நைனா பேரு அங்கயே கீது."

அத்தை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை. சிவப்பு எங்கும் இல்லை என்று தேடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"நானும் மேடத்துமேல காண்டாத்தான் இருந்தேன்," என்றார் அவர், என்னைப் பார்க்காமல். "வகையறான்னு போட்டா நைனா பேரு நிக்கும்னு நெனைச்சேன். அதுக்குத்தான் அவ்ளோ சண்டை. அப்பால ஒரு நாளு ஆபீஸுல இத்தப் பாத்தேன். சண்டை போட்டுக்கினு வந்தாச்சு, எப்டிப் போயி சொல்றது?"

நான் அந்தக் கட்டத்தைப் போட்டது யார் மனசையும் நினைத்து இல்லை. ஆவணம் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் நினைப்பு. ஒரு வருஷமாக அந்தப் பக்கத்தை மூடி மூடி வைத்தேனே, அவர் பேரை எடுக்கப் போவதில்லை, ஒரு கட்டம் தள்ளி எழுதப் போகிறேன் என்பது எனக்கே புத்தியில் ஏறவில்லை. அதை என்னை எதிர்த்து நிற்கிற மனுஷன் வந்து என் வீட்டில் உட்கார்ந்து சொல்கிறார்.

அத்தை பேனாவைக் கேட்டார். சம்மதக் கடிதத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பதிவேட்டைத் திருப்பி எங்கள் மனையின் பக்கத்தை எடுத்தார். உறுப்பினர் கட்டத்தில் பழைய பேரை அடிக்காமல், அதற்குக் கீழ் வரியில் என் பேரை எழுதினார். அப்புறம் பேனாவை என்னிடம் நீட்டி, இத்த நீங்களே எயுதுங்க என்றார். வழி என்ற கட்டத்தில் என் வீட்டுக்காரர் பேரை எழுதினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பேரை நான் அவ்வளவு அழகாக எழுதியதில்லை.

வாசல்வரை போய், ஏன் அண்ணா, வராமல் இருந்தால் நீங்களே ஜட்ஜாகியிருப்பீர்களே என்று கேட்டேன்.

"கதவ சாத்திக்கினு ஜெயிச்சா அது இன்னா ஜெயிப்பு? வாங்க, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கார்டு சார் என் மனுவை வாங்கினார். இரண்டே நாள்தான் இருந்தது. நான் தெருத் தெருவாக நடந்தேன். அண்ணனும் நடந்தார். சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் ஒரே வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டு, அந்த வீட்டுக்காரர் கையில் ஆளுக்கொரு நோட்டீஸைத் திணித்தோம். மாவு கடை அக்கா மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அண்ணன், அவள் என்ன செய்வாள் பாவம். யாருக்குப் போடுவாள் என்று நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாக ஒன்பது மணிக்குக் கார்டு சார் விசில் ஊதி வாக்கெடுப்பைத் தொடங்கினார், பழைய ரயில்வே விசில். ஒவ்வொரு மனைக்கும் ஒரே ஒரு பேர், கூப்பிட்டதும் ஒரே ஒரு ஆள் எழுந்தார். நாற்காலி ஒன்றுகூட நகரவில்லை. இரண்டு வருஷம் நான் திட்டு வாங்கியதெல்லாம் இந்தக் காட்சிக்குத்தான் என்று நெஞ்சு நிறைந்துபோனது. எங்கள் மனையைக் கூப்பிட்டபோது நான் எழுந்து போனேன். என் வாழ்க்கையில் அந்தப் பெட்டியில் நான் போட்ட முதல் சீட்டு.

மத்தியானம் எண்ணி முடித்தார்கள். பதினோரு ஓட்டு வித்தியாசம். போன தடவை நாலு, இந்தத் தடவை பதினொன்று. ஹாலில் கை தட்டல் அடங்கவே இல்லை, யாரோ என் கையில் ஒரு மாலையைக் கொடுத்தார்கள். மணல் கடை அண்ணன் வந்து கும்பிட்டு, அடுத்த வாட்டி பாக்கலாம் மேடம் என்றார். கட்டாயம் நிற்க வேண்டும் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு வரைக்கும் நாலு தெருவையும் சுற்றிக்கொண்டு, வேண்டுமென்றே நீட்டி நடந்து வந்தேன்.

அத்தை வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். ஜெயித்துவிட்டேன் என்றேன். எத்தனை என்று கேட்டார். பதினொன்று என்றேன்.

"அதுல அவன் ஓட்டும் இருக்கில்ல?"

"இருக்கு அத்தை. இந்த வாட்டி எனக்குத்தான் விழுந்துச்சு, நானே போட்டேன். போன வாட்டிதான் உங்க புள்ளை யாருக்குப் போட்டாரோ, சொல்லாமலே போயிட்டாரு."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குத்தான் போட்டான். அன்னிக்கே என்கிட்ட சொன்னான். அவ என்னைக் கேட்டுக் கேட்டு வர்றது நல்லா இருக்கு, சொல்லிடாதீங்கன்னு சொல்லியிருந்தான்."

கையில் இருந்த மாலையோடு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.